கல்லறை இலக்கியமும் கூலி மக்களும்

கல்லறைக் கல்வெட்டுகளை இலக்கியமாகக் கொள்ளலாமா என்ற கேள்வியை நமது விமர்சகர்கள் இதுவரை பெரிதாக எழுப்பியதில்லை. நடுகல்லைப் பாடிய சங்கச் செய்யுள்களுக்குப் பக்கம் பக்கமாக உரை எழுதும் புலவர்கள்கூட, அந்தக் கல் யாருக்கு நடப்பட்டது, யாருக்கு நடப்படவில்லை என்று கேட்பதில்லை. ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவனுக்குக் கல் எழுந்தது. அந்த ஆநிரையை நாள்தோறும் மேய்த்தவனுக்கோ, கல்லை மலையிலிருந்து வெட்டிச் சுமந்தவனுக்கோ எழவில்லை. கல்லில் ஏறிய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காலத்தை அறிந்துவிட முடியாது. ஏறாத பெயர்களையும் கணக்கில் எடுக்கும்போதுதான் அக்கல்லின் முழுப் பொருளும் விளங்கும். இந்த நோக்குடன் நாம் இங்கே ஆராய எடுத்துக்கொள்வது ஜோன் பென்றி லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தொகுத்து, 1913 ஆம் ஆண்டு கொழும்பு அரசாங்க அச்சகம் வெளியிட்ட ‘இலங்கையிலுள்ள கல்லறைகள், ஞாபகச் சின்னங்கள் ஆகியவற்றின் கல்வெட்டுப் பட்டியல்’ என்னும் பெருநூலாகும்.

லூயிஸ் இலங்கைச் சிவில் சேவையில் உயர்பதவி வகித்தவர். வன்னி மாவட்டங்களைப் பற்றி 1895 ஆம் ஆண்டு அவர் எழுதிய கைந்நூலை இன்றும் வரலாற்று மாணவர் புரட்டாமல் இருக்க முடியாது. சலிக்காத உழைப்பாளி. இவருக்கு முன் 1877-இல் லியோபோல்ட் லூடோவிசி ஒல்லாந்தர் காலத்துக் கல்லறைகளைத் தொகுத்திருந்தார். லூயிஸ் ஆங்கிலேயர் காலத்தை முதன்மையாக எடுத்துக்கொண்டார். மாகாணம் மாகாணமாக, தேவாலய முற்றங்களிலும், கைவிடப்பட்ட கோட்டைகளிலும், காடு மூடிய மலைச்சரிவுகளிலும் உள்ள கற்களை வாசித்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே அம்மனிதர் யார், எங்கே பிறந்தார், எந்தத் தோட்டத்தைத் திறந்தார், எவ்வாறு இறந்தார் என்று குறிப்பெழுதினார். கதையெழுத நினைப்போருக்கு இந்நூல் ஒரு சுரங்கம் என்பதை நாம் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால், நூலின் தலைப்பிற்கு ஒரு வால் உண்டு. ‘ஞாபகச் சின்னம் பெறாதோரின் மரணக் குறிப்புகளும்’ என்பது அதன் கருத்து. முதன்முறை வாசித்தபோது இந்தச் சொற்கள் நமது நெஞ்சைத் தொட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. கல்லில்லாதவர்களையும் இந்த மனிதர் நினைத்தாரே என்று மகிழ்ந்தோம். பக்கங்களைப் புரட்டியபோது உண்மை தெரிந்தது. கல் பெறாதவர்கள் என்று அவர் கருதியவர்களும் பெரும்பாலும் அதே குடியேற்ற வர்க்கத்தினரே: பட்டாளத்து அதிகாரிகள், சிவில் உத்தியோகத்தர், தோட்டத்துரைமார், அவர்களது மனைவி மக்கள். மலையில் மாண்ட கூலிகளை அந்த வரிசையில் தேட வேண்டியதில்லை. லூயிஸ் அவர்களை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்று நாம் கூறவில்லை. ஒதுக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை என்பதுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. நினைக்கத் தகுந்த இறப்பு எது என்பதை அவரது வர்க்கம் அவருக்காக முன்பே தீர்மானித்துவிட்டது.

கொழும்பில் வாழும் நாம் இதற்குச் சான்று தேடி மலையேற வேண்டியதும் இல்லை. கொட்டாஞ்சேனைவாசிகள் நாள்தோறும் கடந்து செல்லும் வுல்வெந்தால் தேவாலயம் ஒல்லாந்தரால் 1749-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1757-இல் திறக்கப்பட்டது. அதன் தரையில் பதிந்துள்ள பெருங்கற்களில் சில கோட்டையிலிருந்த பழைய தேவாலயத்திலிருந்து கொண்டுவரப்பட்டவை. 1813 ஆம் ஆண்டு, ஒல்லாந்த ஆளுநர்களின் எச்சங்களைத் தோண்டியெடுத்து, தீவட்டி வெளிச்சத்தில் ஊர்வலமாகக் கொண்டுவந்து இங்கே அடக்கம் செய்தார்கள். அந்த மரியாதையைச் செய்தவர்கள் ஒல்லாந்தரிடமிருந்து இந்நாட்டைப் பறித்துக்கொண்ட ஆங்கிலேயர்கள்! போர்க்களத்தில் எதிரிகளாயிருந்தோர் கல்லறையில் உறவினராகிவிடுகிறார்கள். ஆளும் வர்க்கம் தன் இறந்தோரை, கொடி எதுவாயினும், அடையாளம் கண்டுகொள்கிறது.

இனி மலைக்குச் செல்வோம். கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே உள்ள பழைய பட்டாள மயானத்தில், கண்டி அரசைக் கவிழ்த்த சூழ்ச்சியில் பெரும்பங்கு கொண்ட சேர் ஜோன் டொயிலி 1824 முதல் துயில்கிறார். வாட்டர்லூப் போரில் உயிர் தப்பிய கப்டன் மக்கிளாஷன் என்ற இளைஞர், திருகோணமலையிலிருந்து நனைந்தபடி நடந்து வந்து காய்ச்சலில் மாண்டு இங்கே கிடக்கிறார். காட்டு யானையால் 1856-இல் கொல்லப்பட்ட ரொபட்சன் என்பவரின் கல்லும் உண்டு. மேலே, நுவரெலியாவின் பழைய மயானத்தில் மேஜர் றோஜர்ஸ். ஆயிரத்து நானூறு யானைகளைச் சுட்டவர் என்று பெருமை பேசப்பட்ட இவர் 1845-இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவரது கல்லறையையும் இடி பிளந்தது என்று கூறுவர். யானைகளின் சாபம் என்று ஊரார் கதை கட்டியதில் நமக்கு வியப்பில்லை. அவரது நினைவாகப் பதுளையில் ஒரு தேவாலயமே எழுந்தது.

இக்கற்களின் முன் நின்று ஏளனம் செய்வது முற்போக்கு ஆகாது. ஸ்கொத்லாந்தின் ஏழைக் கிராமங்களிலிருந்து பதினாறு பதினேழு வயதில் கப்பலேறி வந்து, இருபத்தைந்து வயதுக்குள் வயிற்றுக்கடுப்பிலோ காய்ச்சலிலோ மடிந்த பையன்கள் இங்கே பலர். ஆறு மாதக் குழந்தையின் பெயரைக் கல்லில் பொறித்த தாயின் கண்ணீர் போலியன்று. பெரும் முதலாளிமார் இலண்டனிலும் கொழும்பிலும் இருந்தனர். மலையில் முன்னுக்குத் தள்ளப்பட்டவர்களில் சம்பளத்துக்கு வந்த இளைஞர்கள் அநேகர். அவர்களும் ஒருவகையில் அந்த மூலதனத்தின் பலிகளே. இதை மறந்து எழுதப்படும் ஆவேசக் கட்டுரைகளால் யாருக்கும் பயனில்லை. ஆயினும் பலிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஒரு பலிக்குப் பெயரும் வயதும் ஊரும் கல்லில் நிற்கின்றன. அவனுக்காகக் காட்டை வெட்டிய ஆயிரவருக்கு ஒரு சுள்ளிகூட நடப்படவில்லை.

இக்கல்லறைகளில் பெருமையோடு பொறிக்கப்படும் ஒரு சொல்லைச் சற்று ஆராய்வோம். ‘பயனியர்’ என்பது அச்சொல். நாம் ‘முன்னோடி’ என்று தமிழாக்கிக்கொள்கிறோம். கோப்பி முன்னோடி, தேயிலை முன்னோடி, சிங்கோனா முன்னோடி என்றெல்லாம் துரைமார் போற்றப்படுகிறார்கள். ஆனால், இலங்கை அரசாங்கத்தின் பழைய கணக்குகளில் இதே சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. தோமஸ் ஸ்கின்னரின் மேற்பார்வையில் மலையைக் குடைந்து றோட்டு வெட்டிய தொழிலாளர் படைக்கே ‘பயனியர் படை’ என்று பெயர். அதில் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தமிழர்கள். ஆகவே, சட்டப்படியும் சம்பளப் பதிவின்படியும் இத்தீவின் பயனியர்கள் நமது மக்களே. றோட்டு முடிந்ததும் சொல் மட்டும் குதிரையேறிப் பங்களாவுக்குப் போய்விட்டது!

கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் 1823-இல் கோப்பித் தோட்டத்தைத் திறந்தார் என்று பாடப்புத்தகங்கள் கூறும். பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் மலைக்காடு முழுவதும் கோப்பிக்கு இரையாயிற்று. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், எழுத்தில் உறுதி காட்ட முடியாத சிங்களக் கிராமத்தவனின் சேனையையும் மேய்ச்சல் நிலத்தையும் அரசுடைமையாக்கி ஏக்கர்க் கணக்கில் விற்க வழிசெய்தது. நிலமிழந்தவன் பள்ளத்தாக்கில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நிலமேயில்லாதவன் கடல் கடந்து கொண்டுவரப்பட்டான். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணியின் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுப் புறப்பட்டவர்கள், மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிஹிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். நூற்றைம்பது மைல் அளவுள்ள அந்தக் காட்டுவழியில் தண்ணீரும் இல்லை, தங்குமிடமும் இல்லை. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் கூடவே நடந்தன. விழுந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்தது. நின்றால் எல்லோரும் விழுவார்கள்.

1840-களில் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கினர், ஏறக்குறைய 70,000 பேர் இறந்திருப்பர் என்று 1849 ஆம் ஆண்டு ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை மதிப்பிட்டது. அந்தத் தொகை மிகையென்று பிற்கால வரலாற்றாசிரியர் சிலர் வாதிடுவர். வாதிடட்டும். பாதியாகக் குறைத்தாலும், கால்வாசியாகக் குறைத்தாலும் நமது கேள்வி குறையாது. ஒரு தோட்டத்துரையின் இறப்பைப் பற்றி நாளும் நோயும் வயதும் தெரிகின்றன. ஒரு தலைமுறைக் கூலிகளின் இறப்பைப் பற்றியோ ஆயிரங்களின் கணக்கிலேயே அறிஞர்கள் முரண்பட வேண்டியிருக்கிறது. உயிரோடிருந்தவரை அவர்களது பெயர்கள் செக்றோலில் இருந்தன. பெரட்டுக்களத்தில் காலைதோறும் கூப்பிடப்பட்டன. இறந்த மறுநாள் பெயர் வெட்டப்பட்டது. கடன் மட்டும் சாகாது உறவினரின் தலையில் ஏறியது. கடனைக் கைமாற்றும் ‘துண்டு’ முறை சட்டத்தால் ஒழிந்தது 1921-இல்தான்.

இந்த முரண்பாட்டை ஒரே காட்சியில் காண விரும்புவோர் ஜேம்ஸ் டெயிலரின் இறுதி ஊர்வலத்தை எண்ணிப் பார்க்கலாம். ஸ்கொத்லாந்தில் 1835-இல் பிறந்து, 1852-இல் இலங்கைக்கு வந்த டெயிலர், ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867-இல் தேயிலையை வர்த்தகப் பயிராக முதலில் நட்டவர். 1869-இல் கோப்பி இலைநோய் பரவிப் பின்னர் அப்பயிரையே அழித்தபோது, தோட்ட முதலாளித்துவத்தைக் காப்பாற்றியது இந்தச் சிறு முயற்சிதான். நாற்பது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் வாழ்ந்து, வேலையிலிருந்து விலகும்படி கம்பெனி வற்புறுத்திக்கொண்டிருந்த வேளையில், 1892 மே 2-ஆம் நாள் வயிற்றுக்கடுப்பால் அங்கேயே இறந்தார். அவரது உடலைக் கண்டிக்குச் சுமந்து வந்தோர் 24 தொழிலாளர்கள். பன்னிருவர் பன்னிருவராக இரண்டு அணி. நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றினார்கள். ஏனையோர் பின்னால் நடந்தார்கள். கண்டி மஹய்யாவ மயானத்தில் அவரைத் தேயிலை, சிங்கோனாத் தொழில்களின் முன்னோடி என்று கல் போற்றுகிறது.

அந்த இருபத்துநால்வர் யார்? அவர்களது எண்ணிக்கை தெரியும், எத்தனை மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றினார்கள் என்பதும் தெரியும். ஒருவர் பெயரும் தெரியாது. பாரத்தைப் பற்றிய விவரம் காக்கப்பட்டது. சுமந்தவனைப் பற்றிய விவரம் காக்கப்படவில்லை. டெயிலர் நல்ல துரை, தொழிலாளர் அவரைச் ‘சாமி துரை’ என்றே அழைத்தனர் என்று எழுதுவோர் உண்டு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், தனிமனிதரின் நற்குணத்தால் நிரம்பக்கூடிய இடைவெளி அன்று இது.

பொகவந்தலாவையின் சென் மேரிஸ் தேவாலய முற்றத்தில் இன்னொரு கல்லறை இருக்கிறது. ஜூலியா மார்கரெட் கமரன், அவரது கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் ஆகிய இருவரும் அங்கே அடக்கமாயினர். அம்மையார் 1879-இல், கணவர் 1880-இல். கணவரின் பெயர் நமது பள்ளி மாணவர்க்கும் தெரிந்ததே. கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தின் ஒரு பாதி இவர். 1832-இல் இராஜகாரிய ஊழியம் ஒழிந்தது இவர்களது பரிந்துரையால். கட்டாய ஊழியத்தை ஒழித்து நிலத்தையும் உழைப்பையும் சந்தைக்குத் திறந்துவிட்டவர், அந்தச் சந்தை கடனால் கட்டிய உழைப்பாளரின் மத்தியில், தாமும் ஒரு தோட்ட உரிமையாளராக மடிந்தார். தாராளவாதத்தின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக எழுத இயலாது.

அம்மையாரோ உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். டெனிசன், டார்வின், ஹேர்ஷல் முதலியோரின் முகங்களை இன்று நாம் அறிந்திருக்கும் வடிவில் அறிவதற்கு அவரது கமராவும் ஒரு காரணம். 1875-இல் இலங்கைக்கு வந்தபின் களுத்துறையில் எடுத்த படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் ஏழை மக்கள் நேர்ப்பார்வையில், கண்ணியத்தோடு நிற்கிறார்கள். கலைஞரின் கண் அவர்களை அவமதிக்கவில்லை. ஆனால் தலைப்பைப் பாருங்கள். ஆங்கிலேயர் படங்களின் கீழே மனிதரின் பெயர். 1878-இல் எடுத்த இப்படமொன்றின் கீழே ‘களுத்துறைக் குடியானவர் குழு’. பெருங்கலைஞரின் கருணைகூட வர்க்கத்தின் வேலியருகே வந்து நின்றுவிடுவதை இலக்கிய மாணவர் இங்கே கண்கூடாகக் காணலாம்.

பெயரில்லை என்பது வெறும் உணர்ச்சிப் பிரச்சினை என்று நினைக்கும் நண்பர்களுக்கு 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நினைவூட்டுகிறோம். அச்சட்டம் தோட்டத் தொழிலாளியிடம் கேட்டது என்ன? உன் தகப்பன் இங்கே பிறந்தானா? அல்லது, பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா? எழுத்தில் காட்டு என்றது. பிறப்பை எழுதாத, இறப்பை எழுதாத, புதைத்த இடத்தில் தேயிலைக் கன்றை நட்டுவிட்ட ஓர் அமைப்பு, நூறு ஆண்டு கழித்து அதே மக்களிடம் பத்திரம் கேட்டது! கூலியின் பாட்டனுக்கும் துரையின் பாட்டனைப்போல் ஒரு கல் இருந்திருந்தால், அது சாட்சிக்கூண்டில் ஏறியிருக்கும். பல இலட்சம் பேர் ஒரே சட்டத்தால் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒத்திவைத்தது. கடைசி முடிச்சு அவிழ 2003 ஆம் ஆண்டின் பிரசாவுரிமை வழங்கற் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

லூயிஸின் பட்டியலுக்கு நமது இலக்கியம் தந்த மறுமொழி எது? முதலில் நினைவுக்கு வருவது சி. வி. வேலுப்பிள்ளை ஐம்பதுகளில் ஆங்கிலத்தில் எழுதிய ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்ற நெடுங்கவிதை. சக்தீ பாலையா அதைத் தமிழாக்கினார். மடக்கும்புர தோட்டத்தில் பிறந்து, 1947-இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான தொழிற்சங்கவாதி அவர். கல்லறையும் மலரும் இன்றித் தேயிலைச் செடியின் கீழ் மண்ணோடு மண்ணாகிவிட்ட தம் முன்னோரை அக்கவிதையில் நினைக்கிறார். தேயிலைச் செடியையே கல்லறையாகக் காணும் அந்தப் பார்வை பெரிய கவிஞனுக்கே வாய்ப்பது. மலைச்சரிவின் அழகை இரசிக்கும் கொழும்பு வாசகனின் நிம்மதியை அது நிரந்தரமாகக் குலைத்துவிட்டது.

எனினும், போற்றுவதோடு விமர்சனத்தின் கடமை முடியாது. அக்கவிதையிலும் இறந்தோர் ஒரு திரளாகவே வருகிறார்கள். தாகூரின் செல்வாக்கில் வளர்ந்த வேலுப்பிள்ளையின் கற்பனை, துயரத்தைத் தூய்மையான இசையாக மாற்றுகிறது. மாற்றும்போது தனித்தனி முகங்கள் கரைந்துவிடுகின்றன. துரைமாரின் பட்டியலில் பெயரின்றிப் போனவர்கள் நமது இரங்கற்பாவிலும் பெயரின்றியே தொடர்கிறார்கள். இந்த வகையில், இலங்கைத் தோட்டத்தைக் கண்ணால் காணாமலே 1935-இல் ‘துன்பக்கேணி’யை எழுதிய புதுமைப்பித்தன் ஒரு படி முன்னே சென்றார் எனலாம். அவரது மருதிக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, உடலில் நோய் உண்டு. வேலுப்பிள்ளையும் பிற்காலத்தில் உரைநடைக்கு வந்தபோதும், மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தபோதும் இக்குறையை உணர்ந்தவர் போலவே செயற்பட்டார். லயத்து வாசலில் ஒப்பாரி வைக்கும் பெண் பொதுவாக ‘மக்கள்’ என்று அழுவதில்லை. என் ராசா, என் ஐயா என்று உறவைச் சொல்லி, இறந்தவன் நட்ட மரத்தையும் நடந்த பாதையையும் சொல்லியே அழுகிறாள். கல்வெட்டும் செய்யாததை, கவிதையும் முழுதாகச் செய்யாததை அந்தக் குரல் செய்தது. ஆனால் அது காற்றில் எழுதியது.

லூல்கந்துரை இருக்கும் அதே ஹேவாஹெட்டைப் பகுதியில் முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரி 10-ஆம் நாள் அங்கே சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிக்கு கோவிந்தன் என்ற தொழிலாளி பலியானார். விசாரணை ஆணைக்குழு கூடியது. சட்டசபை அமளிப்பட்டது. அரசாங்கத்தின் ஏடுகளில் ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு பெயரோடும் தேதியோடும் பதிய வேண்டியதாயிற்று. ஏன்? கோவிந்தன் சங்கத்தோடு நின்று இறந்தார். அதற்கு முந்திய தலைமுறைகள் தனித்தனியே இறந்தன. பெயரைப் பதியவைத்தது எந்தத் துரையின் இரக்கமும் அன்று.

கண்டிப் பட்டாள மயானம் 1998-இல் திருத்தியமைக்கப்பட்டது. இன்று புல் வெட்டிச் சீராகக் காக்கப்படுகிறது. உல்லாசப் பயணிகள் ஆவலோடு வாசித்துச் செல்கிறார்கள். அதை நாம் குறை கூறவில்லை. கல்லைக் காப்பது நல்லதே. 2023-இல், மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஆண்களும் பெண்களும் ஜூலை இறுதியில் புறப்பட்டு ஆகஸ்டு நடுப்பகுதிவரை அந்தப் பழைய வழியை நடந்து தீர்த்தார்கள். வழியெங்கும் வாசிக்கக் கல் ஒன்றும் இருக்கவில்லை.

ஆயினும் ஏடுகள் முற்றாக அழிந்துவிடவில்லை. தோட்டங்கள் எழுபதுகளில் தேசியமயமாகி, 1992-இல் மீண்டும் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது கைமாறிய பழைய தொழிற்சாலை அறைகளில் செக்றோல்களும், மரணப் பதிவுகளும், கடன் கணக்குகளும் கறையானோடு போட்டியிட்டுக் கிடக்கின்றன. கொழும்பின் சுவடிக்கூடத்திலும் சில உண்டு. அவற்றைவிட விரைவில் மறைபவை எண்பது வயதுக் கிழவிகளின் நினைவுகள். மலையகப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்களும், விடுமுறைக்குத் தோட்டம் செல்லும் பல்கலைக்கழக மாணவர்களும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்களும் ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர், தகப்பன் பெயர், வந்த ஊர், கங்காணி யார், எந்த டிவிஷன், எந்த நோயில் இறந்தார், எந்த மலையில் எத்தனையாம் நம்பர்த் தேயிலைக்கு அருகே புதைத்தார்கள். லூயிஸ் கையாண்ட முறை நல்ல முறை. மாகாணம் மாகாணமாக, தோட்டம் தோட்டமாக அதையே பின்பற்றலாம். ஹேவாஹெட்டையிலிருந்து தொடங்குவது வசதியாக இருக்கும். ஒரு பெயர் ஏற்கனவே அங்கே இருக்கிறது.